மீரிகமவில் செடி, வேலிக்கு வெளியே விவசாயி

"தம்பியவை, கஞ்சாவுக்கு அரசாங்கம் அனுமதி குடுத்திட்டுதாமே. எங்கட தறையிலயும் போடலாமோ?"

2025 ஓகஸ்ட்டில் மீரிகமச் செய்தி வந்த கிழமை, எங்களில் ஒருவரின் வீட்டு விறாந்தையில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தபோது அவருடைய பெரியப்பா கேட்ட கேள்வி இது. நாற்பது வருடமாகப் புகையிலையும் வெங்காயமும் செய்கிற மனிசன். நாங்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை.

"பகிடிக்குக் கேக்கேல்லை. பசளை, மருந்து, கூலி எல்லாம் பாத்தா புகையிலையில மிஞ்சிறது ஒண்டுமில்லை. டொலர் வாற பயிர் எண்டு அவங்களே சொல்றாங்கள். அப்ப எங்களுக்கு ஏன் ஏலாது?"

எங்களிடம் பதில் இருக்கவில்லை. அதற்குப் பிறகு தேடித் தேடி வாசித்தோம், எங்களுக்குள்ளேயே சண்டையும் பிடித்தோம். அவருக்குச் சொல்லவேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இது "கஞ்சா அடிப்பது நல்லதா கூடாதா" என்ற கட்டுரை இல்லை. வளரும் வயதில் தொடர்ந்து பாவிப்பது மூளையைப் பாதிக்கும், சிலருக்கு மனநோய் வரும் அபாயத்தைக் கூட்டும் என்று மருத்துவர்கள் சொல்வதை நாங்கள் மறுக்கவில்லை. எங்கட ஊர்களில் அதைக் கண்ணால் கண்டும் இருக்கிறோம். நாங்கள் கேட்பது வேறு கேள்வி. ஒரு நாடு இந்தச் செடியை வளர்த்து விற்கலாம் என்று முடிவு எடுத்தால், வளர்ப்பது யார், விற்பது யார், காசு யார் கைக்குப் போகும்?

இங்கே என்னதான் நடந்திருக்கிறது?

இலங்கையில் கஞ்சா வளர்ப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகரமான ஔடதங்கள் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. வெள்ளைக்காரன் போட்ட சட்டம், திருத்தித் திருத்தி இன்றைக்கும் ஓடுகிறது. அதே நேரம் ஆயுர்வேதத்தில் கஞ்சா ஒரு மூலிகை. "திரைலோக்ய விஜயபத்ர" என்ற பெயரில் பல மருந்துகளில் சேர்க்கப்படுகிறது. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் அந்த மருத்துவப் பாவனைக்கு இடம் இருக்கிறது.

வளர்ப்பது குற்றம் என்றால் ஆயுர்வேத மருந்துக்குக் கஞ்சா எங்கிருந்து வரும்? பொலிஸ் பிடித்து, வழக்கு முடிந்து, நீதிமன்றம் விடுவிக்கிற கஞ்சாவிலிருந்து வரும். வழக்கு வருடக்கணக்கில் இழுபட்டு, பொருள் கைக்கு வரும்போது பழசாகிக் காய்ந்து, மருந்துக் குணம் போய்விடுகிறது என்று ஆயுர்வேதத் துறையினரே நீண்ட காலமாக முறைப்பாடு சொல்லி வந்தார்கள். 2017இல் அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன இதற்காக அரசாங்கமே ஒரு கஞ்சாத் தோட்டம் போடும் என்று அறிவித்தார். கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் புகையிலைச் செய்கையை 2020க்குள் நிறுத்தப்போகிறோம் என்றும் சொன்னார். யாழ்ப்பாணத்துப் புகையிலைக்காரர் அந்த அறிவிப்பைக் கேட்டுக் குழம்பிப்போய் இருந்தது எங்களுக்கு நல்ல ஞாபகம். புகையிலை நிற்கவில்லை.

பிறகு பொருளாதாரம் விழுந்தது. டொலர் இல்லை, பெற்றோலுக்கு வரிசை. 2022 நவம்பர் வரவுசெலவுத் திட்ட உரையில் ரணில் விக்கிரமசிங்க, ஏற்றுமதிக்காகக் கஞ்சா வளர்ப்பது பற்றி ஆராய நிபுணர் குழு அமைக்கப்படும் என்றார். அப்போதிருந்து கஞ்சாவைப் பற்றிய கதை மாறிவிட்டது. மூலிகையாக இருந்தது ஏற்றுமதிப் பயிராகிவிட்டது. 2025இல் வேறு அரசாங்கம் இருந்தபோதும் கதை அதே திசையில்தான் போனது. மீரிகமவில் முதலீட்டுச் சபையின் கீழ் 64 ஏக்கர் காணியில், 7 வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்குத் தற்காலிக அனுமதி. ஏற்றுமதிக்கு மட்டும். மில்லியன் டொலர் கணக்கில் முதலீடு. சுற்றிப் பாதுகாப்பு வேலி. உள்ளூர்ச் சந்தைக்கு ஒரு இலைகூட வரக்கூடாது.

இதில் எங்கட பெரியப்பாவுக்கு எங்கே இடம்? இடமே இல்லை. மொனராகலை, தணமல்வில பக்கம் காட்டுக்குள் சேனை வெட்டிக் கஞ்சா போடுகிற சிங்கள ஏழை விவசாயிக்கும் இடம் இல்லை. அவரைத் தேடி விசேட அதிரடிப்படை வழமைபோலப் போகும், செடியைப் பிடுங்கி எரிக்கும், ஆளைக் கொண்டுபோய் உள்ளே போடும். ஒரே நாடு, ஒரே செடி. ஒருவருக்கு அது முதலீடு, மற்றவருக்கு மறியல்.

"முதலில் பெரிய கம்பனி வரட்டும், பிறகு மெல்ல மெல்லச் சனத்துக்குத் திறக்கலாம்" என்று எங்களுக்குள்ளேயே ஒருவர் வாதாடினார். நியாயமான வாதம்தான். ஆனால் இதை ஏற்கெனவே செய்து பார்த்த நாடுகளில் அந்தக் கதவு பிறகு திறந்ததா?

ரிஃப் மலையில் நடந்தது

இலங்கையோடு ஒப்பிட நாங்கள் கண்ட மிகக் கிட்டின உதாரணம் மொரோக்கோ. அங்கே வடக்கில் ரிஃப் என்று ஒரு மலைப்பிரதேசம். மண் மோசம், தொழிற்சாலை இல்லை. தலைமுறை தலைமுறையாகச் சனம் வாழ்ந்தது கஞ்சாவில். ஐரோப்பாவுக்குப் போன ஹஷிஷில் பெரும்பங்கு அங்கிருந்துதான். சட்டம் தடுத்தது, பொலிஸ் கண்டும் காணாமலும் இருந்தது, தேவைப்பட்ட நேரம் பிடித்தது. பிடிவிறாந்துக்குப் பயந்து அடையாள அட்டை எடுக்கக்கூட ரவுணுக்குப் போகாத விவசாயிகள் இருந்தார்கள்.

2021இல் மொரோக்கோ 13-21 என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. மருத்துவத்துக்கும் தொழிற்துறைக்கும் மட்டும் அனுமதி. அவர்கள் செய்த முக்கியமான வேலை, வளர்க்கும் அனுமதியைக் காலங்காலமாக வளர்த்து வந்த மாகாணங்களுக்கே கொடுத்தது. அல் ஹொசைமா, ஷெஃப்ஷாவன், தாவுனாத் என்ற மூன்று மாகாணங்கள். விவசாயி கூட்டுறவில் சேரவேண்டும், கூட்டுறவு பதிவுபெற்ற கம்பனிக்கு விற்கவேண்டும், எல்லாவற்றையும் மேற்பார்க்க ஒரு அரச நிறுவனம். சட்டவிரோதச் சந்தையில் கடைசி விற்பனை விலையில் விவசாயிக்குக் கிடைப்பது 4 வீதம், சட்டச் சந்தையில் 12 வீதம் வரை கிடைக்கும் என்று அரசாங்கம் சொன்னது. 2023இல் முதலாவது சட்டபூர்வ அறுவடை 294 தொன். அடுத்த வருடம் 4,000 தொன்னைத் தாண்டியது. 2024 ஓகஸ்ட்டில் கஞ்சா வளர்த்த வழக்குகளில் தண்டிக்கப்பட்ட, தேடப்பட்ட 4,800க்கும் அதிகமானவர்களுக்கு அரசர் மன்னிப்பு வழங்கினார்.

அந்த மன்னிப்பை நாங்கள் பெரிய விசயமாகப் பார்க்கிறோம். வழக்கு நிலுவையில் இருக்கிறவன் எப்படி அரச அலுவலகத்துக்குப் போய் அனுமதிப்பத்திரம் கேட்பான்? கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசலில் பொலிஸை நிற்பாட்டினால் யார் உள்ளே வருவார்கள்?

ஆனால் மொரோக்கோவும் சொர்க்கம் இல்லை. முதல் பருவத்தில் வெளிநாட்டு விதை போட்டார்கள். அதற்குத் தண்ணீர் கூடுதலாக வேண்டும். ரிஃப்பிலோ வறட்சி. அந்த மலைக்குப் பழகிய, மழையை மட்டும் நம்பி வளரக்கூடிய "பெல்டியா" என்ற உள்ளூர் இனத்துக்குப் பிறகுதான் இடம் கிடைத்தது. விளைச்சலைக் கொடுத்துவிட்டுக் காசு வரவில்லை என்று விவசாயிகள் வீதிக்கு இறங்கிய சம்பவங்களும் இருக்கின்றன. சட்டவிரோத வியாபாரி வாசலுக்கு வந்து கையில் காசு தந்துவிட்டுப் போவான். சட்டபூர்வக் கம்பனி பரிசோதனை முடியட்டும், ஏற்றுமதி போகட்டும் என்று மாதக்கணக்கில் இழுக்கும். பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு அதுவரை பொறுத்திருக்குமா? அதனால்தான் ரிஃப்பில் இன்றைக்கும் பெருந்தொகையான நிலம் பழைய சந்தைக்கே விளைகிறது.

கலிபோர்னியா: சின்னவனுக்குக் கொடுத்த வாக்கு

மொரோக்கோவில் காசு வரத் தாமதம். கலிபோர்னியாவில் விலையே விழுந்தது.

அங்கே ஹம்போல்ட், மெண்டசினோ, டிரினிட்டி என்று வடக்கில் மூன்று மாவட்டங்கள். மலையும் காடும். 1970களிலிருந்து சின்னச் சின்னத் தோட்டங்களில் ஒளித்து வளர்த்தார்கள். ஹெலிகொப்டரில் வந்து பிடுங்குவார்கள், திரும்ப நடுவார்கள். 2016 நவம்பரில் மக்கள் வாக்களித்துக் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கினார்கள். 2018 ஜனவரி 1இலிருந்து கடைகளில் விற்பனை. சின்ன விவசாயி தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதற்காக முதல் ஐந்து வருடம் பெரிய பண்ணைகளுக்கு அனுமதி இல்லை என்று வாக்குக் கொடுக்கப்பட்டிருந்தது.

2017 நவம்பரில் வெளியான விதிமுறைகளில் ஒரு ஓட்டை. சின்னத் தோட்டத்துக்கான அனுமதிப்பத்திரத்தை ஒருவர் எத்தனை எடுக்கலாம் என்பதற்கு எல்லை போடவில்லை. காசு உள்ள கம்பனிகள் சின்ன அனுமதிப்பத்திரங்களை நூற்றுக்கணக்கில் அடுக்கிப் பெரிய பண்ணை ஆக்கின. வாக்கு எழுத்தில் இருந்தது, காணியில் இல்லை.

அடுத்தது வரி. விலை எவ்வளவு என்று பார்க்காமல் நிறைக்கு வரி. 2022இல் அது ஒரு இறாத்தல் பூவுக்குக் கிட்டத்தட்ட 161 டொலர். இறாத்தல் ஆயிரம் டொலருக்கு மேல் போன காலத்தில் அது தாங்கும். 2021இல் விளைச்சல் கூடி, வெளித்தோட்டப் பூவின் மொத்த விலை சில நூறு டொலருக்கு விழுந்தது. வரியோ அப்படியே நின்றது. 2022 யூலையில் அந்த வரியை எடுத்தார்கள். அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் தோட்டத்தை விட்டுவிட்டன. இன்னொரு பக்கம் மாநிலத்தின் பாதிக்கு மேற்பட்ட நகரங்களும் மாவட்டங்களும் தங்கட எல்லைக்குள் கஞ்சாக் கடை திறக்க விடவில்லை. வளர்க்க அனுமதி உண்டு, விற்கக் கடை இல்லை. மிஞ்சியது எங்கே போகும்? திரும்பவும் கள்ளச் சந்தைக்கு.

முப்பது நாற்பது வருடம் பொலிஸுக்குத் தப்பிய தோட்டங்கள் சட்டம் வந்து ஐந்து வருடத்தில் மூடப்பட்டன. இதை வாசித்தபோது எங்களுக்கு உண்மையிலேயே ஒரு மாதிரி இருந்தது.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம். லெசோத்தோ 2017இல் ஆபிரிக்காவிலேயே முதலாவதாக மருத்துவக் கஞ்சாவுக்கு அனுமதி கொடுத்த நாடு. மலைவாசிகள் காலங்காலமாக வளர்த்த செடி அது. அனுமதிப்பத்திரக் கட்டணம் பத்தாயிரக்கணக்கான டொலர். அந்த மலைவாசியால் அதைக் கனவிலும் கட்ட ஏலாது, வெளிநாட்டுக் கம்பனிகள் கட்டின. கனடா 2018 ஒக்ரோபரில் திறந்தது. பங்குச்சந்தைக் காசில் தேவைக்கு மேல் கண்ணாடிக்கூடங்கள் கட்டினார்கள். 2020 மார்ச்சில் கனோபி குரோத் என்ற கம்பனி மட்டும் இரண்டு பெரிய கூடங்களை மூடியதில் 500 பேரளவில் வேலை இழந்தார்கள். தாய்லாந்து 2022 யூன் 9இல் போதைப்பொருள் பட்டியலிலிருந்தே கஞ்சாவை எடுத்தது, வீடுகளுக்குப் பத்து லட்சம் கன்று தருகிறோம் என்றது. ஆயிரக்கணக்கில் கடைகள் முளைத்தன, வெளிநாட்டிலிருந்து கடத்தி வந்த சரக்கும் சேர்ந்து விலையைக் கவிழ்த்தது. 2025 யூனில் மருத்துவச் சீட்டு இல்லாமல் பூ விற்கக்கூடாது என்று திரும்பவும் இறுக்கினார்கள். மூன்று வருடத்தில் சட்டம் தலைகீழானால், கடன் எடுத்துக் கூடம் போட்ட விவசாயி என்ன செய்வார்?

"டொலர் வாற பயிர்" என்ற கதை

இனி மீரிகமவுக்குத் திரும்பி வருவோம். ஏற்றுமதிக்கு மட்டும் என்கிறார்கள். யார் வாங்குவார்கள்?

மருத்துவக் கஞ்சாவை வெங்காயம் மாதிரிச் சாக்கில் கட்டி அனுப்ப ஏலாது. 1961ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் போதைப்பொருள் உடன்படிக்கையின் கீழ் ஒவ்வொரு ஏற்றுமதிக்கும் வாங்கும் நாட்டின் இறக்குமதி அனுமதி வேண்டும், அனுப்பும் நாட்டின் ஏற்றுமதி அனுமதியும் வேண்டும். ஐரோப்பாவுக்கு மருந்தாகப் போகவேண்டுமென்றால் அவர்களுடைய மருந்து உற்பத்தித் தரச் சான்றிதழ் வேண்டும். காயவைக்கும் அறையின் ஈரப்பதத்திலிருந்து பூஞ்சணம், பீடைகொல்லி எச்சம், பார உலோகம் வரை எல்லாம் சோதிப்பார்கள். கஞ்சாச் செடி மண்ணிலுள்ள கட்மியம் போன்ற உலோகங்களை நன்றாக உறிஞ்சும். பக்கத்துத் தோட்டத்துப் பீடைகொல்லி காற்றில் வந்து பட்டாலும் முழு விளைச்சலும் கழிவுதான். மருந்து அடித்தே பழகின எங்கட தோட்டங்களுக்கு இது சும்மா விசயம் இல்லை.

சந்தையின் அளவையும் பாருங்கோ. ஐரோப்பாவின் மிகப்பெரிய மருத்துவக் கஞ்சாச் சந்தை ஜேர்மனி. 2024இல் அது இறக்குமதி செய்தது 70 தொன்னுக்குச் சற்று மேல். அதிலும் கிட்டத்தட்டப் பாதி கனடாவிலிருந்து. மிச்சத்துக்குப் போர்த்துக்கல் உட்படப் பல நாடுகள் வரிசையில் நிற்கின்றன. இந்த வரிசையின் கடைசியில்தான் நாங்கள் போய் நிற்கப்போகிறோம்.

நாருக்கும் எண்ணெய்க்கும் வளர்க்கிற, போதை குறைந்த கஞ்சா இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அமெரிக்காவில் 2018இல் அதைச் சட்டபூர்வமாக்கியதும் 2019இல் விவசாயிகள் விழுந்தடித்துப் போட்டார்கள். அடுத்த வருடமே விலை படுத்துவிட்டது. அந்தச் செடியில் போதைப் பொருள் 0.3 வீதத்தைத் தாண்டினால் சட்டப்படி அந்த விளைச்சலை அப்படியே விற்கவும் ஏலாது. அறுவடைக்கு முன் வெயிலும் வறட்சியும் கொஞ்சம் கூடினாலும் கோடு தாண்டிவிடுமோ என்று பயந்துகொண்டே வளர்க்கவேண்டும்.

இதையெல்லாம் சொல்வது "இது சரிவராது, விடுங்கோ" என்று சொல்ல இல்லை. டொலர் மழை என்ற கதையை நம்பித் திட்டம் போடவேண்டாம் என்பதற்காக. அப்படி ஒரு மழை பெய்தாலும், மீரிகம வேலிக்குள் பெய்வது எங்கட வாய்க்காலுக்கு எப்படி வரும்? முதலீட்டாளரின் இலாபம் எங்கே போகும், வரிச்சலுகை எவ்வளவு, வேலை எத்தனை பேருக்கு? அங்கே விவசாயி இருக்கமாட்டார். தினக்கூலி வேலையாள்தான் இருப்பார். தேயிலைத் தோட்டம் தொடங்கியதும் இப்படித்தான் எண்டு எங்களில் மலையகத்துத் தோழி ஒருவர் சொன்னபோது எல்லாரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.

மலையாளத்துக்குப் போன புகையிலை

பெரியப்பாவின் கேள்விக்குள் இன்னொரு பழைய கதையும் இருக்கிறது. ஒரு காலத்தில் யாழ்ப்பாணப் புகையிலை கடல் கடந்து திருவிதாங்கூருக்குப் போனது. இன்றைய கேரளாவின் தென்பகுதி. அதற்கென்றே பாடம்போட்டு அனுப்பினார்கள், ஊரில் கல்வீடுகள் எழும்பின. பிறகு அங்கே தீர்வை ஏறியது. வாங்குகிறவன் ஒரே ஒரு ஊர்க்காரன், அவன் கதவை மூடினால் பாடம்போட்ட புகையிலையை வைத்து என்ன செய்வது? 1930களில் விவசாயிகள் சேர்ந்து மலையாளப் புகையிலைக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் என்று ஒன்றை உருவாக்கினார்கள். தரகரை நம்பிக் கெட்ட சனம், தாங்களே சேர்ந்து விற்கப் பார்த்த முயற்சி அது.

இன்றைக்கு வள்ளம் மறுபக்கமாக வருகிறது. மாதகல், பருத்தித்துறை, வெற்றிலைக்கேணி, பேசாலை என்று கரையெல்லாம் "கேரளக் கஞ்சா" பிடிபடுகிறது. பெயர்தான் கேரளா. இந்தியக் கள்ளச் சந்தையில் ஓடுவதில் பெரும்பங்கு ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளில் பழங்குடி விவசாயிகள் வளர்ப்பது. அவர்களும் எங்கட பெரியப்பா மாதிரித்தான், வேறு பயிரில் காசு இல்லாமல் வளர்க்கிறார்கள். மலையிலிருந்து எங்கட கரை வரை வரும்போது விலை பல மடங்கு ஏறுகிறது. வளர்த்தவனுக்கும் வள்ளத்தில் கொண்டுவந்த பெடியனுக்கும் கிடைப்பது சொற்பம், மறியலுக்குப் போவதும் அவர்கள்தான். முதலாளியின் முகத்தைப் பேப்பரில் ஒருநாளும் நாங்கள் கண்டதில்லை.

மீரிகம இதில் ஒரு சதத்தையும் மாற்றாது. ஏற்றுமதிக்கு வளர்ப்பதால் கள்ளச் சந்தை குறையாது, கரையில் பிடிபடுகிற பெடியனின் வழக்கும் குறையாது.

அப்ப என்ன செய்யலாம்?

எங்களுக்குள் முழு உடன்பாடு இல்லை. ஆனால் நாலு விசயத்தில் எல்லாரும் ஒத்துப்போனோம்.

முதலாவது, ஏற்றுமதியிலிருந்து தொடங்காமல் ஆயுர்வேதத்திலிருந்து தொடங்கவேண்டும். சட்டத்தில் ஏற்கெனவே இடம் இருக்கிறது, தேவையின் அளவு தெரியும், வாங்குவது அரசாங்கம். நீதிமன்றக் களஞ்சியத்துப் பழைய கஞ்சாவை எதிர்பார்க்காமல், அந்த அளவை மட்டும் சிறு விவசாயிகளின் கூட்டுறவுகளுக்கு ஒதுக்கிக் கொடுக்கலாம். மொனராகலையில் ஏற்கெனவே வளர்க்கத் தெரிந்தவர்களிடமிருந்து தொடங்கலாம். சில ஏக்கரில், பரிசோதனையாக, கணக்குக் காட்டி. உள்ளூர் இனத்தின் விதையைப் பாதுகாப்பதும் அதோடு நடக்கும்.

இரண்டாவது, விலையும் காசு வரும் திகதியும் நடமுன்னரே எழுத்தில் இருக்கவேண்டும். மொரோக்கோ சொல்லித் தந்த பாடம் இது. பிந்தி வரும் காசு விவசாயியைத் திரும்பவும் கள்ள வியாபாரியிடம்தான் அனுப்பும். ஒருவர் எத்தனை அனுமதிப்பத்திரம் வைத்திருக்கலாம் என்ற எல்லையும் சட்டத்திலேயே வேண்டும். அது கலிபோர்னியாவின் பாடம்.

மூன்றாவது, சிறு அளவில் வளர்த்ததற்காகவும் சொந்தப் பாவனைக்கு வைத்திருந்ததற்காகவும் தண்டிக்கப்பட்டவர்களின் வழக்குகளை மீள்பார்க்க வேண்டும். முதலீட்டாளருக்கு 64 ஏக்கர் கொடுக்கிற அரசாங்கம், சேனையில் கொஞ்சச் செடி போட்டவனை மறியலில் வைத்திருப்பதற்கு என்ன நியாயம் சொல்லும்? பாவனைக்கு அடிமையான பெடியளுக்கு மறியலைவிடச் சிகிச்சை வேண்டும்.

நாலாவது, மீரிகமவில் யாருக்கு, என்ன நிபந்தனையில், எவ்வளவு சலுகையில் அனுமதி கொடுக்கப்பட்டது என்பதை மூன்று மொழியிலும் வெளியிடவேண்டும். இரகசியமாக நடக்கிற சட்டபூர்வ வியாபாரத்துக்கும் கள்ளக் கடத்தலுக்கும் சனத்தின் கண்ணில் வித்தியாசம் தெரியாது.

எதிர்ப்பும் இருக்கிறது என்று தெரியும். உளநல மருத்துவர்களும் மதத் தலைவர்களும் வேலிக்கு வெளியே கசியும் என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயம் பொய் இல்லை. ஆனால் கம்பனியின் வேலியைக் கண்காணிக்கலாம் என்று நம்புகிற அரசாங்கம், கூட்டுறவின் வேலியைக் கண்காணிக்க ஏலாது என்றால், அது சனத்தை நம்பாத அரசாங்கம். எங்கட கூட்டுறவுகளும் சுத்தமில்லைத்தான். கடன், கட்சி அரசியல், கணக்கில்லாத கணக்கு எல்லாம் கண்டிருக்கிறோம். அதைத் திருத்திக்கொண்டுதான் இதற்குள் இறங்கவேண்டும், திருத்தாமல் இறங்கினால் மலையாளப் புகையிலையைவிட மோசமாக முடியும்.

இதையெல்லாம் போன கிழமை அதே விறாந்தையில் பெரியப்பாவுக்குச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். கடைசியில் நாங்கள் சுருக்கிச் சொன்னது இதுதான்: "இப்ப போடேலாது பெரியப்பா. நாளைக்குப் போடலாம் எண்டு சொன்னாலும், வாங்கிறது ஆர், என்ன விலை, எப்ப காசு எண்டு கடதாசியில பாக்காமல் ஒரு கண்டும் நடாதையுங்கோ."

அவர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினார்.

"அது புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் இவ்வளவு காலமும் நாங்கள் கேட்டதுதானே தம்பி. ஆர் தந்தவங்கள்?"